எண்பதுகளில் எல்லோரும் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்தோமா?

கேள்வி இது: “80களைப் பற்றிப் பெரியவர்கள் பேசினாலே தூர்தர்ஷன், ஒளியும் ஒலியும், ராமாயணம், கபில் தேவ் வாங்கிய கோப்பை என்று ஒரே பட்டியல்தான் வருகிறது. தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் இருந்ததா? பெரிய சம்பவங்கள் நடந்தால் மக்களுக்கு எப்படித் தெரியவந்தது?”

சுருக்கமாகச் சொன்னால், இல்லை. அந்தப் பட்டியல் பெரும்பாலும் மெட்ராஸ்காரர்களின் நினைவு. மற்ற ஊர்க்காரர்கள் அதே பட்டியலைச் சொன்னால், 80களின் கடைசி இரண்டு மூன்று வருடங்களைச் சொல்கிறார்கள், அல்லது 90களின் தொடக்கத்தை 80கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ‘80ஸ் கிட்ஸ்’ என்பவர்களில் நிறைய பேர் 80களில் பிறந்தவர்கள். 1985இல் பிறந்த ஒருவருக்கு விவரம் தெரிய ஆரம்பிப்பதே 90களில்தான். அவர் சொல்வது பொய்யில்லை, பத்தாண்டு மட்டும் மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் 80களைக் காதால் கேட்டுத்தான் அனுபவித்தார்கள். கண்ணால் பார்ப்பது கடைசியில் வந்து சேர்ந்தது.

முதலில் டிவி கதை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ஒளிபரப்பு மெட்ராசையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் வந்தது, தேசிய நிகழ்ச்சிகள் வந்தன. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. 1984இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடு முழுக்கச் சின்னச் சின்ன நிலையங்களைத் திறந்தார்கள். ஆக, 84-85 வாக்கில் தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு டிவி வந்துவிட்டது. ஆனால் அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் செயற்கைக்கோள் வழியாக டெல்லியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே திருப்பி அனுப்புபவை. மெட்ராஸ் நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் அந்த வழியில் வரவில்லை.

அதனால் சாலிடேரோ டயனோராவோ வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப ஒருவர் கீழேயிருந்து “இப்ப வருது, இப்ப போயிடுச்சு” என்று கத்தி, கடைசியில் உட்கார்ந்து பார்த்தது முழுக்க இந்தி. ‘ஹம் லோக்’ 1984 ஜூலையில் தொடங்கியபோது நம்மூர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள்தான், பாதி புரிந்தும் புரியாமலும். வெள்ளிக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் தமிழ்ப் பாட்டுப் போடும் ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைத் தமிழ்ப் படம் எல்லாம் மெட்ராசில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கிடைக்கும் பாக்கியம். தென்மாவட்டங்களுக்கு அவை ஒழுங்காக வந்து சேர்ந்தது கொடைக்கானல் மலையில் நிலையம் வந்து, அது சென்னையோடு இணைக்கப்பட்ட பிறகு. அது 80களின் பிற்பாதி.

இதில் ஒரு வேடிக்கை. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் கடலோர ஊர்களில் தூர்தர்ஷனுக்கு முன்பே வேறொரு டிவி வந்துவிட்டது, இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் அது தொடங்கியதும் இங்கே உயரமான கம்பத்தில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் போட்டு, கடல் பக்கம் திருப்பி வைத்தார்கள். சிங்களம் ஒரு வார்த்தை தெரியாதவர்கள் சிங்கள நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு, எப்போது தமிழ்ப் படம் வரும் என்று காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் அவர்களுடைய 80கள் வேறு மாதிரி இருக்கும்.

அப்படியானால் எல்லோருக்கும் பொதுவாக எது இருந்தது? ரேடியோ, மைக் செட், கேசட், கீற்றுக் கொட்டகை. இந்த நான்கும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன என்பது தெரிந்தால் 80களின் சினிமா மோகம் புரிந்துவிடும்.

ஒரு புதுப் படம் முதலில் பெரிய ஊர்களில் வெளியாகும். வியாபாரத்தில் அதை ஏ சென்டர் என்பார்கள். பிரிண்டுகள் எண்ணிக்கையில் குறைவு. அங்கே ஓடி முடிந்து பி சென்டர், அப்புறம் சி சென்டர் என்று படப்பெட்டி இறங்கி வர மாதக்கணக்காகும். கடைசியாக வந்து சேரும் இடம் டூரிங் டாக்கீஸ் என்ற கீற்றுக் கொட்டகை. தரை, பெஞ்சு, சேர் என்று டிக்கெட். ஒரே ஒரு புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். மூன்று, நான்கு இடைவேளை சர்வ சாதாரணம், முறுக்கு விற்பவருக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் கொட்டகையின் குழாய் ஸ்பீக்கரில் சாமி பாட்டுக் கேட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

படம் வர இவ்வளவு நாளாகும், பாட்டு மட்டும் அடுத்த வாரமே வந்துவிடும். விவித் பாரதியில் வரும், இலங்கை வானொலியில் வரும், டீக்கடையில் ஓடும், கல்யாண வீட்டு மைக் செட்டில் அலறும். ஆறு மாதம் பாட்டைக் கேட்டுக் கேட்டு, யார் யாரைப் பார்த்து எங்கே நின்று பாடியிருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு படம் ஓட்டி முடித்த பிறகுதான் நிஜப் படம் ஊருக்கு வரும். பல பேருக்கு அது ஏமாற்றம். கேட்ட பாட்டு அவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், திரையில் இரண்டு பேர் ஒரு பூங்காவில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இளையராஜா அந்தப் பத்தாண்டை முழுசாக ஆண்டதற்கு அவருடைய திறமைதான் முதல் காரணம். இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். படம் இல்லாமலேயே பாட்டு தனியாக நிற்க வேண்டியிருந்தது, அவருடைய பாட்டு நின்றது.

பாட்டு மட்டுமல்ல, படத்தையே காதால் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப் படத்தின் ஒலியை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். இதன் உச்சம் 1984இல் வந்த ‘விதி’. அதன் கதை வசன கேசட் தமிழ்நாடு முழுக்க டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் ஓடியது. கோர்ட் காட்சியில் சுஜாதா கேள்வி கேட்கக் கேட்க, கையில் டீ கிளாசோடு ஆட்கள் அசையாமல் நின்று கேட்டார்கள். படத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் படத்தில் நடித்த மோகன் இன்னொரு விதத்தில் 80களின் சரியான அடையாளம். ‘மைக் மோகன்’ என்று பெயரே வாங்கியவர். ஆனால் அவர் மைக்கைப் பிடித்துப் பாடிய பாட்டுகளில் நாம் கேட்டது பெரும்பாலும் எஸ்.பி.பி.யின் குரல், பேசியபோது கேட்டது பல படங்களில் எஸ்.என். சுரேந்தரின் குரல். முகம் ஒருவருடையது, குரல் இரண்டு பேருடையது. ரசிகர்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கேசட் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். கம்பெனி கேசட் வாங்கியவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் போனது ரெக்கார்டிங் சென்டருக்கு. ஒரு சின்னக் கடை, சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு அட்டைகள், உள்ளே இரண்டு டெக். நாம் ஒரு வெற்றுக் கேசட் வாங்கிக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, தொண்ணூறு என்றால் பத்துக்குப் பக்கமாக. இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்வார்கள். இந்தப் பட்டியல் போடுவதே பெரிய வேலை. முதல் பாட்டு எது, சோகப் பாட்டெல்லாம் ஒரே பக்கமா, அப்பாவுக்காக நடுவில் ஒரு டி.எம்.எஸ். பாட்டா என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். கடைக்காரரும் சும்மா இருக்க மாட்டார். “இந்தப் பாட்டை எடுத்துட்டு அதே படத்துல இன்னொண்ணு இருக்கு, அதைப் போடுறேன்” என்பார், பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நல்ல பாட்டாக இருக்கும். டேப்பில் ஒரு நிமிடம் மிச்சமிருந்தால் அவர் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றின் தொடக்கத்தைப் போட்டு நிரப்புவார். பல்லவி முடிந்து வீணை வரும் இடத்தில் டக்கென்று அறுந்துபோகும். அந்தப் பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்தால் காது தானாக ஒரு கணம் நிற்கும்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகள் இருக்கும். அதை உடைத்துவிட்டால் யாரும் அதன் மேல் வேறு பதிவு செய்ய முடியாது. மறுபடி பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும். அப்படித்தான் நிறைய வீடுகளில் கந்த சஷ்டி கவசத்தின் மேல் ‘கரகாட்டக்காரன்’ ஏறியது. டேப் ரெக்கார்டர் எங்கிருந்து வந்தது என்றால், பாதி வீடுகளில் துபாய், சவுதி, சிங்கப்பூர் போன மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்ததாக இருக்கும். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன், அதற்கு அம்மா தைத்த துணி உறை.

வீடியோ கேசட்டைப் போட்டு டிவியில் படம் பார்க்கும் வீடியோ டெக் அடுத்து வந்தது. யாரும் சொந்தமாக வாங்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்றால் கலர் டிவியும் டெக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவில் வைத்து விடிய விடிய நான்கு படம் ஓட்டுவார்கள். முதல் படம் பக்திப் படம், பாட்டிகள் தூங்கிய பிறகு சண்டைப் படம்.

சரி, சம்பவங்களுக்கு வருகிறேன். 1983 ஜூன் 25, சனிக்கிழமை. லார்ட்சில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியா 183க்கு ஆல் அவுட். அந்த ஆட்டத்தில் அதிகபட்ச ஸ்கோர் நம்ம ஸ்ரீகாந்தின் 38. வெஸ்ட் இண்டீஸ் 140இல் சுருண்டது. சின்ன டிரான்ஸ்மிட்டர்கள் வருவதற்கு முந்தைய வருடம் இது என்பதைக் கவனியுங்கள். மெட்ராசுக்கு வெளியே இருந்த பெரும்பாலான தமிழர்கள் அன்று அதைப் பார்க்கவில்லை. டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக் கேட்டார்கள், அல்லது திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தெரிந்துகொண்டார்கள். அந்தக் காட்சிகளைப் பிற்பாடு பல நூறு தடவை பார்த்துவிட்டதால், அன்றைக்கே பார்த்ததுபோல் நினைவு ஒட்டிக்கொண்டது. அதற்கு ஒரு வாரம் முன்பு 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன நிலையில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் அடித்த 175 நாட் அவுட்டுக்கு வீடியோவே கிடையாது. அதை நேரில் இருந்தவர்கள் தவிர உலகத்தில் யாரும் பார்க்கவில்லை.

உள்ளூரில் சேப்பாக்கம் ஆட்டங்களுக்குச் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனை இருந்தது. அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் குரல்களில் கிரிக்கெட்டே தமிழ் விளையாட்டாக மாறிவிடும். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட்டைச் சொல்லியே ஆக வேண்டும். மெட்ராஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்த டீன் ஜோன்சை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். கடைசி நாள் இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், அடுத்த பந்தில் ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமமாக்கினார். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. டை. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறை. அடுத்த வருடம் அக்டோபர் 9 அன்று, அதே சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை, அதே ஆஸ்திரேலியா. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு ஷாட்டை நடுவர் நான்கு என்று சொல்லியிருந்தார். அது சிக்சர் என்று ஆஸ்திரேலியர்கள் முறையிட, இன்னிங்ஸ் இடைவேளையில் கபில் ஒப்புக்கொண்டார். 268 என்பது 270 ஆனது. இந்தியா 269க்கு ஆல் அவுட், ஒரு ரன்னில் தோல்வி. கடைசியாக அவுட் ஆனது மறுபடியும் மணிந்தர்தான். பாவம், அந்த மனிதருக்கும் மெட்ராசுக்கும் ராசியே இல்லை.

விளையாட்டை விடுங்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் மீது நடந்த வன்முறை தமிழ்நாட்டை உலுக்கியது. அதுவரை தென்மாவட்ட இளைஞர்களுக்கு இலங்கை என்றால் வானொலி அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் படபட குரல், அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’. அதற்குப் பிறகு இலங்கை என்றால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கும் படகுகள், மண்டபம் அகதி முகாம், கடையடைப்பு, மாணவர் ஊர்வலம். ராத்திரியில் பி.பி.சி. தமிழோசைக்காகச் சிற்றலையில் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தது சினிமாப் பாட்டு கேட்ட அதே ஆட்கள்தான். 80களின் ஏக்கப் பேச்சில் இது வருவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி காலையில் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதைப் பி.பி.சி. முன்னதாகவே சொல்லிவிட்டது, ஆகாஷவாணி சொன்னது மாலையில். நடுவில் இருந்த அந்தச் சில மணி நேரம் வதந்தியும் கடையடைப்புமாகப் போனது. பிறகு இறுதி ஊர்வலத்தை டிவியில் காட்டினார்கள். புதிதாக டிரான்ஸ்மிட்டர் வந்த பல ஊர்களில், ஊரே கூடி டிவி பார்த்த முதல் சம்பவம் அதுதான்.

அதே நேரத்தில் எம்.ஜி.ஆர். அக்டோபரில் அப்பல்லோவில் சேர்ந்து, நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். ஆள் இருக்கிறாரா என்றே எதிர்த்தரப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்தது ஒரு வீடியோ. ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து சாப்பிடும் காட்சிகளைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்கள். டிசம்பர் 24 அன்று தேர்தல். தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிபட்டியில் ஜெயித்தார், ஆட்சியும் தக்கவைத்தார். கல்யாண வீட்டில் படம் ஓட்டிய டெக்குக்குத் தேர்தல் வேலையும் தெரியும் என்று அப்போதுதான் கட்சிக்காரர்களுக்குப் புரிந்தது. சரியாக மூன்று வருடம் கழித்து, 1987 டிசம்பர் 24 விடியற்காலையில், அவர் இறந்தார். பஸ் நின்றது, கடைகள் உடைக்கப்பட்டன, மவுண்ட் ரோட்டில் கருணாநிதி சிலையைக் கடப்பாரையால் இடித்தார்கள். ஊருக்குப் போக முடியாமல் பஸ் ஸ்டாண்டுகளில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ‘அந்தக் காலத்தில் எல்லாம் அமைதியாக இருந்தது’ என்று யாராவது சொன்னால் அந்த வாரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

பத்திரிகைகளைச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அது தனிப் பதிலுக்கான விஷயம். எழுத்தாளர் சுஜாதாவின் தொடர், மாத நாவல்கள், சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் என்று படிப்பவர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை. ஒரு சம்பவம் மட்டும். 1987இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த அந்த ஜோக்கை அதுவரை படிக்காதவர்கள்கூட அதன் பிறகு தேடிப் படித்தார்கள்.

ராமாயணம் 1987 ஜனவரி 25 அன்று தொடங்கியது. மகாபாரதம் 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1990 ஜூனில் முடிந்தது. இரண்டும் இந்தி. கதை தெரிந்த ஊர் என்பதால் மொழி தடையாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு காலியாக இருந்தது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் கேட்ட பத்தாண்டில் அது கடைசி மூன்று வருடத்துக் கதை. அந்த நேரத்தில்தான் டிவி பணக்காரர் வீட்டுச் சாமானாக இருந்த நிலை மாறி, தவணையில் வாங்கும் பொருளானது. பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

கேட்கும் காலம் எப்போது முடிந்தது என்று ஒரு தேதி வேண்டுமென்றால், நான் 1993 ஏப்ரல் 14ஐச் சொல்வேன், சன் டிவி தொடங்கிய நாள். தெருத்தெருவாகக் கேபிள் இழுக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வயரை இழுத்தவர்களில் பாதிப் பேர் அதுவரை கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்கள். ரெக்கார்டிங் சென்டர்காரர்கள் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்தார்கள், பிறகு ஜெராக்ஸ் மிஷினோ எஸ்.டி.டி. பூத்தோ போட்டுக்கொண்டார்கள்.